இரண்டு மணிச் சங்கும் அறுபத்து நான்கு கேபியும்

நீங்கள் மூவரும் சேர்ந்து எழுதிய டிஸ்க் சோதனை அறிக்கை வந்து சேர்ந்தது. ஓய்வு பெற்றவனை நினைவு வைத்திருந்து கருத்துக் கேட்டதற்கு நன்றி. வரைபடங்கள் வண்ணத்தில் இருக்கின்றன. எங்கள் காலத்தில் பட்டை வரைபடத்துக்கு நட்சத்திரக் குறிகளைத்தான் வரிசையாக அடிப்போம். எல்லாம் அழகு. நான்காம் பக்கத்தில் மட்டும் ஒரு சின்ன அட்டவணை என்னைத் தடுக்கி விழவைத்தது. பிளாக் அளவு நான்கு கேபி, அதாவது கிலோபைட். அணுகும் முறை ரேண்டம். படிப்பது எழுபது பங்கு, எழுதுவது முப்பது பங்கு. அதன் கீழே, "தொழில் வழக்கப்படி" என்று ஒரு குறிப்பு. எந்தத் தொழில், யாருடைய வழக்கம் என்று அறிக்கையில் எங்கும் இல்லை.

பயப்படாதீர்கள், திட்டப் போவதில்லை. இதைவிட மோசமான அட்டவணையை, இதைவிட நல்ல கையெழுத்தில், நானே எழுதியிருக்கிறேன். அதனால் ஒரு பெண்மணியின் குடும்பம் இரண்டு ஊராகப் பிரியப் பார்த்தது. அந்தக் கதையைச் சொன்னால் நான்காம் பக்கத்தை நீங்களே கிழித்துவிடுவீர்கள் என்பது என் நம்பிக்கை.

கோலார் தங்கவயலில், கியர் பெட்டிகள் செய்யும் நம் நிறுவனத்தின் தொழிற்சாலையில், கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். தொண்ணூறுகளின் பின்பாதி. கொள்முதல் விதிப்புத்தகம் எனக்கு மனப்பாடம். எந்தப் பத்தி எந்தப் பக்கத்தில் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அதைத் தகுதி என்று நான் நினைத்திருந்தேன். மற்றவர்கள் அதை வியாதி என்று நினைத்திருந்தது என் பிரிவுபசாரக் கூட்டத்தில்தான் தெரிந்தது.

ஸ்டோர்ஸுக்கும் டிராயிங் ஆபீசுக்கும் பொதுவாக ஒரு சர்வர் வாங்குவதென்று முடிவானது. அதுவரை ஸ்டோர்ஸில் அட்டைகள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை, டிராயர் டிராயராக. இனி எல்லாம் திரையில். இரண்டு கம்பெனிகள் பெங்களூரிலிருந்து இயந்திரங்களைக் கொண்டுவந்து இறக்கின. ஒன்றில் பெரிய டிஸ்க் ஒன்றே ஒன்று. பார்க்கக் கம்பீரமாக இருந்தது. மற்றதில் சின்ன டிஸ்குகள் ஆறு, ஒரே பெட்டியில் அடுக்கி. பார்க்க ரேஷன் கடை அலமாரி மாதிரி இருந்தது. எது வேகம் என்று சோதித்துச் சொல்வது என் பொறுப்பு.

சோதனை நிரலை நானே எழுதினேன். அதற்கு நான்கு விவரங்கள் தர வேண்டும். ஒரு தடவைக்கு எவ்வளவு தகவலை எடுப்பது. அதுதான் பிளாக் அளவு. வரிசையாக எடுப்பதா, அங்கொன்றும் இங்கொன்றுமாக, அதாவது ரேண்டமாக, எடுப்பதா. அது அணுகும் முறை. படிப்பது எத்தனை, எழுதுவது எத்தனை. ஒரே நேரத்தில் கேட்பவர்கள் எத்தனை பேர்.

இந்த நான்கும் முடிவை எப்படித் தலைகீழாக்கும் என்பதற்கு எங்கள் ஊர்க் கணக்கு ஒன்று உண்டு. சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். கேஜ் நிறைய ஆட்களை ஏற்றி ஒரே ஆழத்தில், ஒரே லெவலில் இறக்கினால், ஷிப்ட் முழுவதும் அரை மணியில் கீழே போய்விடும். அதே கேஜில் ஒரு தடவைக்கு ஒரே ஆளை ஏற்றி, ஒருவரைப் பத்தாம் லெவலில், அடுத்தவரை மூன்றாம் லெவலில் என்று விட்டுக்கொண்டிருந்தால் மத்தியானச் சாப்பாடு மேலேயே முடிந்துவிடும். கேஜும் மாறவில்லை, கயிறும் மாறவில்லை. டிஸ்கும் அப்படித்தான். தகவலைத் தேடி உள்ளே ஓடும் கை ஒன்றுதான்.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் அட்டவணையில் எழுதியது இது: பிளாக் அறுபத்து நான்கு கேபி, வரிசை முறை, படிப்பது மட்டும், கேட்பவர் ஒருவர்.

ஏன் அப்படி எழுதினேன்? கொள்முதல் குழுவிடம் சொன்ன காரணம், நிரலின் கையேட்டில் மாதிரிக்காக அச்சிட்டிருந்த எண்கள் அவை என்பது. உண்மைக் காரணம் வேறு. டிராயிங் ஆபீஸ் என் அறைக்கு அடுத்த அறை. பெரிய பெரிய வரைபடக் கோப்புகளை ஒருவர் ஒவ்வொன்றாகத் திறப்பதை நான் தினமும் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஸ்டோர்ஸ் அரைக் கிலோமீட்டர் தள்ளி. போகும் வழியில் தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்று தூசியை அள்ளி வரும். நான் வெள்ளைச் சட்டை போடுகிறவன்.

ஒற்றை டிஸ்க் இயந்திரம் என் சோதனையில் பறந்தது. அதைக் கொண்டுவந்த பொறியாளர் நாகராஜ், கோலாரில் பிறந்து பெங்களூருக்குப் போன பையன், "சார், உங்க டெஸ்ட் பேப்பரை நான் பிரேம் போட்டு மாட்டிக்கறேன்" என்றான். எனக்கும் மகிழ்ச்சிதான். இயந்திரம் நிறுவப்பட்டது. அறுபது நாள் ஓடிய பிறகு நான் இறுதி ஏற்புச் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து விழுந்துவிட்டால் அப்புறம் கம்பெனிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.

ஏழாவது வாரத்தில் புகார் வந்தது. முதல் ஷிப்ட் முடிந்து இரண்டாம் ஷிப்ட் தொடங்கும் இரண்டு மணிச் சங்கு ஊதினால், ஸ்டோர்ஸ் கவுண்டரில் வரிசை நகர்வதில்லை. பேரிங்குக்கும் போல்ட்டுக்கும் வந்த ஃபிட்டர்கள் முக்கால் மணி நேரம் நிற்கிறார்கள். அசெம்பிளி லைன் காத்திருக்கிறது. ஒர்க்ஸ் மேனேஜர் என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்.

நான் எழுத்தில் மன்னன். அன்றே குறிப்பு எழுதினேன்: "இயந்திரம் நிர்ணயிக்கப்பட்ட சோதனையில் சிறப்பாகத் தேறியது. குறை இயந்திரத்தில் இல்லை. காரணத்தைக் கவுண்டரில் தேடலாம்." மூன்று வாக்கியம். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள். எழுதி முடித்ததும் காபி குடித்தேன்.

நான்கு நாள் கழித்து ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் ரோஸ்மேரி என் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். ஏறக்குறைய என் வயது. ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் வீடு. கணவருக்குச் சுரங்கத்தில் வேலை. கையில் ஒரு மெமோ.

"இன்னா சார் இது?"

வாங்கிப் படித்தேன். விதிமுறையில் இல்லாத வேலையைக் கவுண்டரில் செய்து உற்பத்தியைத் தாமதப்படுத்தியதாகக் குற்றச்சாட்டு. ஏழு நாளில் பதில் தர வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால் நிறுவனத்தின் வட இந்தியப் பிரிவுக்கு மாற்றம்.

"இதுக்கு நான் என்ன செய்ய முடியும் மேடம்? இது பர்சனல் டிபார்ட்மெண்ட்..."

"கீழ பாருங்க சார். பார்வை ஒண்ணுன்னு போட்டு, உங்க குறிப்பு நம்பர் கீது. காரணம் கவுண்டர்ல கீதுன்னு நீங்கதானே எழுதனீங்க?"

"தேடலாம் என்றுதான் எழுதினேன். இருக்கிறது என்று எழுதவில்லை."

"ரொம்ப சந்தோஷம். யாரு தேடறது? நீங்க ஒரு நாளாச்சும் வந்தீங்களா? எங்க ஊட்டுக்காரருக்கு அங்க மைன்ல எப்போ கதவ மூடுவாங்கன்னு தெரியல. பசங்க ரெண்டும் படிக்குது. நான் எங்கயோ வடக்க போயி இந்தில பேரிங் எண்ணிக்கினு இருக்கணுமா?"

விதிப்புத்தகத்தில் இதற்குப் பத்தி இல்லை.

"நாளைக்கு ஒண்ணரைக்கு வாங்க" என்றார் ரோஸ்மேரி. "சேர் போடறேன். சட்ட அழுக்காகும், பரவால்லயா?"

போனேன். சட்டை அழுக்கானது.

கவுண்டரின் முன்பக்கம் நான்கு திரைகள், பின்பக்கம் நான்கு. இரண்டு மணிச் சங்கு ஊதியது. இரண்டாம் ஷிப்ட் குமாஸ்தாக்கள் முன்பக்கத் திரைகளில் உட்கார்ந்து, ஃபிட்டர்கள் நீட்டிய சீட்டுகளைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்கள். வீட்டுக்குப் போக வேண்டிய முதல் ஷிப்ட்காரர்கள் போகவில்லை. பின்பக்கத் திரைகளில் உட்கார்ந்து, அன்று காலை முதல் கொடுத்த அத்தனை சீட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பத் திரையில் அழைத்து, கையிலிருக்கும் சீட்டோடு ஒத்துப் பார்த்து, ஒரு குறி போட்டார்கள். அடுத்த சீட்டு. மறுபடி ஒரு குறி.

"இது என்ன?" என்றேன்.

"டேலி சார்."

"எந்த விதிப்படி?"

"விதி இன்னா விதி? மைன்ல கீழ எறங்கறவன் டோக்கன் குடுத்துட்டுப் போவான். ஷிப்ட் முடிஞ்சா டோக்கன எண்ணுவாங்க. ஒண்ணு மிச்சம்னா ஒரு ஆளு கீழ கீறான்னு அர்த்தம். எண்ணி முடிக்காம எவனும் ஊட்டுக்குப் போவ மாட்டான். இங்க ஸ்டோர்ஸ்ல கீறவங்க முக்காவாசி மைன் ஊட்டுப் பசங்க. எண்ணாம போனா தூக்கம் வராது."

"அட்டை இருந்தபோதும் செய்தீர்களா?"

"அப்பவே. போன மாசம்கூட ஒரு சீட்டுல வேற சைஸ் பேரிங் போயிடுச்சு. டேலில புடிச்சோம். கியர் பெட்டிய மூடறதுக்குள்ள ஓடிப்போயி மாத்தினோம். அது மாட்டிக்கினு வெளிய போயிருந்தா?"

வரிசையில் நின்ற ஃபிட்டர் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். "அக்கா, யாரு இந்த சார்? புது பேரிங்கா? எந்த ராக்குல வெச்சிருந்தீங்க இத்தினி நாளு?"

"கம்ப்யூட்டர் சார்ப்பா. சும்மாரு."

"ஓ, மெஷினு வாங்கனவரா? சார், மெஷினு தூங்குதா இல்ல யோசிக்குதா? ஸ்வல்ப தட்டி எழுப்புங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஒரு சீட்டைத் தட்டியதிலிருந்து திரை பதில் சொல்ல எட்டு, ஒன்பது வினாடி. அன்று காலை பத்து மணிக்கு என் அறையிலிருந்து இதே கேள்வியைக் கேட்டபோது ஒரு வினாடிகூட ஆகவில்லை.

"அட்டை இருந்தபோது இப்படி நின்றார்களா?" என்று கேட்டேன்.

ரோஸ்மேரி கையிலிருந்த சீட்டைப் பார்த்தபடியே சொன்னார். "இல்லயே. அப்போ எட்டு பேரு எட்டு டிராயரத் திறப்போம். யாரு கையும் யாரு கையிலயும் இடிக்காது. இப்போ எட்டு பேருக்கும் சேத்து ஒரே டிராயரு குடுத்துட்டீங்களே சார்."

எனக்கு ஒரு பட்டம் உண்டு. மூன்று பயிற்சிச் சான்றிதழ்கள் உண்டு. என் இயந்திரத்தின் நோயை எனக்கு ஒரே வாக்கியத்தில் சொன்னவர் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். ஒரு டிஸ்க், ஒரு கை. எட்டுப் பேர் எட்டு மூலையில் இருக்கும் சின்னச் சின்னத் தகவலைக் கேட்கிறார்கள். பாதி படிப்பு, டேலிக் குறி போடுவதால் பாதி எழுத்து. ஒரு பதிவு இரண்டு கேபிதான். நான் சோதித்ததோ கேஜ் நிறைய ஆட்கள், ஒரே லெவல்.

அடுத்து நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். தவறைக் கண்டுபிடித்தவுடன் வரும் உற்சாகம் இன்னொரு தவறுக்கு நல்ல உரம். அறைக்கு ஓடிவந்து அட்டவணையை மாற்றினேன். இரண்டு கேபி, ரேண்டம், பாதிக்குப் பாதி, எட்டுப் பேர். ஓட்டினால் ஒரு கேள்விக்கு இருபது வினாடிக்கு மேல் வந்தது. எனக்குப் பரம திருப்தி. இயந்திரம் படுமோசம் என்று அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நல்லவேளை, நாகராஜ் அன்று வந்திருந்தான். அவனிடம் காட்டினேன். அவன் ஒரு நிமிடம் பார்த்தான்.

"சார், கவுண்டர்ல எவ்ளோ செகண்டு?"

"எட்டு, ஒன்பது."

"உங்க டெஸ்ட்ல இருபதுக்கு மேல. அப்போ இது கவுண்டர் இல்ல. இத மீட்டிங்ல காட்னீங்கன்னா நான் ரெண்டே நிமிஷத்துல கிழிச்சுருவேன். தப்பா நெனச்சுக்காதீங்க, அது என் வேல."

பையன் சொன்னது நியாயம். தெரிந்த ஒரு நோயை அப்படியே திரும்ப வரவழைக்க முடியாத சோதனை, சோதனையே இல்லை. குறைவாகக் காட்டினாலும் பொய், கூடுதலாகக் காட்டினாலும் பொய். மறுநாள் மறுபடி தூசியில் நடந்து ரோஸ்மேரியிடம் போனேன்.

"எல்லாப் பொருளையும் ஒரே மாதிரிக் கேட்பார்களா மேடம்?"

"யாரு சொன்னது? அந்தக் கடைசி ராக்குல கீறத நான் வேலைக்கு வந்த நாள்லருந்து யாரும் கேட்டதில்ல. போல்ட்டு, பேரிங்கு, ஆயில் சீலு, கேஸ்கெட்டு. இதுதான் நாள் பூரா ஓடும்."

என் நிரல் எல்லா ராக்குகளிலும் சமமாகத் தாவிக்கொண்டிருந்தது. யாரும் தொடாத கடைசி ராக்குக்கும் விசுவாசமாகப் போய் வந்தது. ரோஸ்மேரி மூன்று நாள் சீட்டுக் கட்டுகளைக் கொடுத்தார். எந்தப் பொருளுக்குப் பின் எந்தப் பொருள் வந்தது என்று அவரும் நானும் உட்கார்ந்து குறித்தோம். அவர் வாசித்தார், நான் எழுதினேன். நடுவில் இரண்டு தடவை என் எழுத்தைத் திருத்தினார். அந்த வரிசையை நிரலில் ஏற்றி ஓட்டினேன். எட்டு வினாடி. பத்துத் தடவை ஓட்டினேன். எட்டைச் சுற்றியே நின்றது. இவ்வளவு மோசமான எண்ணைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது வேறு எப்போதும் இல்லை.

கூட்டம் மறுநாள். மெமோவுக்குப் பதில் தர இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. சான்றிதழில் நான் கையெழுத்திட வேண்டியதும் அதே வாரம்.

இங்கேதான், இளைஞர்களே, கவனமாகப் படிக்க வேண்டும். ஏனென்றால் வெளியே போக ஒரு சுலபமான கதவு திறந்திருந்தது. கூட்டத்துக்கு முன் ஒர்க்ஸ் மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அதைக் காட்டவும் செய்தார். நல்ல மனிதர், அவசரக்காரர்.

"அந்த டேலிய நிறுத்திட்டா வரிசை போயிடுமா, போகாதா?"

"பாதிக்கு மேல் போய்விடும்."

"அப்புறம் என்ன? நிறுத்தச் சொல்லி ஒரு சர்க்குலர். அந்தம்மா மன்னிப்பு எழுதிக் குடுத்தா மெமோவையும் மூடிடலாம். மெஷினும் பாஸ், நீங்களும் பாஸ்."

கணக்கு சரியாக இருந்தது. யாருக்கும் வலிக்காது. என் அட்டவணையை யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். தலைமை அலுவலகத்தில் எல்லாப் பிரிவுகளுக்கும் சோதனை விதிகள் எழுதும் குழுவுக்கு என் பெயர் போயிருந்த நேரம் அது. அந்தக் குழுவில் உட்கார எனக்கு எவ்வளவு ஆசை என்று விதிப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவனிடம் கேட்கக் கூடாது.

ஆனால் அந்தப் பெண்மணி எதற்காக மன்னிப்பு எழுத வேண்டும்? அவர் செய்த வேலையை இயந்திரம் தாங்க வேண்டும் என்பதற்காகத்தானே இயந்திரம் வாங்கினோம். தாங்குமா என்று பார்க்கத்தானே எனக்குச் சம்பளம். இயந்திரத்துக்கு ஏற்றபடி வேலையை வெட்டுவது, செருப்பு கடிக்கிறது என்று காலைச் செதுக்குகிற வேலை.

"கூட்டத்தில் ஒரு சோதனை காட்டுகிறேன் சார். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்" என்றேன்.

கூட்டத்தில் முதலில் என் பழைய அட்டவணையை ஓட்டினேன். இயந்திரம் பறந்தது. நாகராஜ் புன்னகைத்தான். அடுத்து ரோஸ்மேரியின் சீட்டுக் கட்டு வரிசையை ஓட்டினேன். திரையில் எண்கள் ஊர்ந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு. எட்டு. ஒன்பது.

ஒர்க்ஸ் மேனேஜர் கேட்டார்: "ஒரே மெஷினு. ஒரு தடவ குதிரை, ஒரு தடவ எருமை. எது நிஜம்?"

"இரண்டும் நிஜம் சார். ஆனால் நமக்கு வேண்டியது இரண்டாவது."

"அப்போ முதல் டெஸ்ட எதுக்கு வெச்சீங்க?"

எத்தனையோ வழவழப்பான வாக்கியங்கள் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. செயப்பாட்டு வினையில் எழுதிப் பழகியவனுக்கு, "தவறு நேர்ந்துள்ளது" என்று சொன்னால் போதும். யாருக்கு நேர்ந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

"தப்பு என்னுடையது சார். ஸ்டோர்ஸில் எப்படி வேலை நடக்கிறது என்று பார்க்காமல் எண்களை எழுதினேன். அதை வைத்து இந்த இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தோம். வரிசைக்குக் காரணம் கவுண்டர் இல்லை. என் பழைய குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். டேலியை நிறுத்தக் கூடாது."

ஒர்க்ஸ் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தார்.

நாகராஜ் தொண்டையைச் செருமினான். "சார், நீங்க குடுத்த டெஸ்ட்ல நாங்க பாஸ். அது ரெக்கார்டுல கீது."

"இருக்கிறது" என்றேன். "இறுதிச் சான்றிதழும் என் மேசையில் இருக்கிறது, கையெழுத்தில்லாமல். அதில் 'நிறுவிய இடத்தின் வேலைக்கு ஏற்றது' என்று ஒரு வரி உண்டு, ஏழாம் பத்தி. இந்த எட்டு வினாடியைப் பார்த்த பிறகு நான் எப்படிக் கையெழுத்திடுவது, நீயே சொல்."

"ஏழாம் பத்தியா?"

"இரண்டாம் துணைப் பத்தி."

அவன் சிரித்துவிட்டான். வாழ்க்கையில் அந்த ஒரு தடவை என் வியாதி பயன்பட்டது. "ஆயிது சார், தெரிஞ்சது. பெரிய டிஸ்க எடுத்துக்கறோம். சின்னது ஆறு போட்டுத் தர்றோம். ஆபீஸ்ல பேசறேன். ஆனா இந்த ரெண்டாவது டெஸ்ட் எனக்கு ஒரு காப்பி வேணும். அடுத்த கம்பெனில மாட்டிக்காம இருக்கணும்ல?"

டிஸ்குகள் வர ஒன்பது நாள் ஆனது. அதுவரை வரிசை நின்றது, டேலியும் நடந்தது. புதிய டிஸ்குகளோடு இரண்டு மணிச் சங்குக்கு நான் கவுண்டரில் போய் நின்றேன். கைக்கடிகாரத்தைப் பார்க்கிற அளவுக்குக்கூட எந்தத் திரையும் நேரம் தரவில்லை. தலைமை அலுவலகக் குழுவுக்குப் போன என் பெயர் திரும்பி வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அங்கே தப்பே செய்யாத ஒருவரை நியமித்தார்கள். அவர் எழுதிய விதிகளை நீங்கள் இன்னும் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். "தொழில் வழக்கப்படி" என்ற சொற்றொடர் அவருடையது.

மெமோவை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். தப்பு என்னுடையது என்று கூட்டத்தில் சொல்லிவிட்டதால் மெமோ தானாகச் சாகாது. ஒரு முறை பிறந்துவிட்டால் அதற்கு எழுத்தில் பதில் வர வேண்டும், மேனேஜர் பார்க்க வேண்டும், கோப்பை மூட வேண்டும். டிஸ்குகள் வருவதற்கு முன்பே, கெடுவின் கடைசி நாளில், ரோஸ்மேரிக்காகப் பதிலை நானே தயாரித்தேன். இரண்டு பக்கம். "பார்வையில் காணும் குறிப்பாணையின்பால் பணிவுடன் கவனத்தை ஈர்த்து" என்று தொடங்கியது. என் சிறந்த படைப்புகளில் ஒன்று.

ரோஸ்மேரி நின்றுகொண்டே படித்தார்.

"இது யாரு எழுதற மாதிரி சார், நானா?"

"ஆமாம். கீழே கையெழுத்துப் போட்டால் போதும்."

"நான் எழுதனது எனக்கே புரியலயே சார். இதுல எங்கனா நான் தப்பு பண்ணேன்னு வருதா?"

"நேரடியாக வராது. 'ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருப்பின் வருந்துகிறேன்' என்று ஒரு மரியாதைக்கு..."

"எடுத்துக்கினு போங்க."

என் மேசையிலிருந்த வெள்ளைத்தாளை இழுத்து, நின்ற இடத்திலேயே எழுதினார். என் பேனாவாலேயே எழுதினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருவரும் ஒர்க்ஸ் மேனேஜரிடம் போனோம். அவர் தாளை எடுத்துப் பார்த்தார், திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பின்பக்கம் காலி.

"நான் டேலி பார்த்தேன். இப்போதும் பார்க்கிறேன். இனியும் பார்ப்பேன்" என்று உரக்கப் படித்தார். "இவ்வளவுதானாம்மா?"

"அவ்வளவுதான் சார் கேட்டிருக்கீங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "இது போதுமாய்யா? விதி என்ன சொல்லுது?"

"பதிலின் நீளம் பற்றி விதியில் எதுவும் இல்லை சார்."

அவர் பேனாவை எடுத்து, "ஏற்கப்பட்டது. கோப்பு முடிக்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டார். ரோஸ்மேரி நகலை வாங்கி நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது.

"வரேன் சார்" என்றார் எங்கள் இருவருக்கும் பொதுவாக. "சங்கு ஊதப் போவுது. எண்ணணும்."